விமானம் போய்விட்டது, மூப்பு எண் இங்கேயே நிற்கிறது: குழும விமானிகளுக்கு ஒரே பட்டியல் வேண்டும்

தென்காற்று | செவ்வாய், இரவு 9.40

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு அடுத்த பணி அட்டவணை வந்தது. சாப்பிட்டுக்கொண்டே கைபேசியில் பார்த்தேன். ஆறு ஆண்டுகளாக நான் பறந்துவரும் வழித்தடம் அதில் இல்லை. ரத்து செய்துவிட்டார்கள் போலும் என்று நினைத்தேன். தேடிப் பார்த்தால் டிக்கெட் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதே ஊர், அதே விடியற்காலை 5.50. பறக்கப்போவது எங்கள் குழுமத்தின் குறைந்த கட்டணத் துணை நிறுவனம்.

போன வாரம் அந்த விமானத்தையே பார்த்தேன். பக்கத்து நிறுத்துமிடத்தில் புது வண்ணத்தில் நின்றது. வாலில் வேறு சின்னம், வி.டி. என்று தொடங்கும் பதிவு எழுத்துகள் மட்டும் அப்படியே இருந்தன. அதன் கேப்டன் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இரண்டு வருடம் இளையவர். வணக்கம் சொல்ல மேலே ஏறினேன். இடப்பக்க இருக்கையின் அருகே, பை வைக்கும் இடத்தின் விளிம்பில், பிறை போல ஒரு கீறல். என் பையின் பூட்டு உரசி உரசி விழுந்த கீறல் அது. அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவர் "என்ன அண்ணா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லி இறங்கி வந்தேன்.

விமானிகள் அல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். ஒரு விமானிக்கு நிறுவனத்தில் இருக்கும் ஒரே சொத்து அவருடைய மூப்பு எண். கேப்டன் பயிற்சிக்கு யாருடைய பெயர் முதலில் போகும், பெரிய ரக விமானத்துக்கு யார் போவார்கள், ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் வெளியே நிற்பார்கள், எல்லாவற்றுக்கும் அந்த எண்தான் பதில். விவசாயிக்குப் பட்டா எப்படியோ எங்களுக்கு அது அப்படி. ஆனால் இந்தப் பட்டா ஒரே நிறுவனத்துக்குள் மட்டும் செல்லும். பக்கத்து நிறுவனத்தில் சேர்ந்தால், முதலாளி ஒருவரே ஆனாலும், கடைசிப் பெயர் நான்தான்.

குழுமம் விமானத்தை எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். எங்கள் எண்ணால் அதன் பின்னால் போக முடியவில்லை. குழுமத்துக்குள் எத்தனை நிறுவனம் இருந்தாலும் விமானிகளுக்கு ஒரே பட்டியல் வேண்டும் என்று கேட்க நேரம் வந்துவிட்டது. தாய் நிறுவனத்தில் இருப்பவர்கள், துணை நிறுவனத்தில் இருப்பவர்கள் இருவரும் பேசுங்கள்.

நெடுவானம் | செவ்வாய், இரவு 11.15

தம்பி, நான் ஓய்வு பெற்றவன். வேறொரு நிறுவனத்தில் பறந்துகொண்டு 2007 முதல் 2012 வரை நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். அதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2007இல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்றாயின. அதற்கு முன்பே ஒன்று 68 போயிங் விமானங்களுக்கும் மற்றொன்று 43 ஏர்பஸ் விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்திருந்தன. நிறுவனம் ஒன்றானது; விமானிகள் இரண்டாகவே இருந்தார்கள். இந்தியன் ஏர்லைன்ஸ் பக்கம் ஐசிபிஏ என்ற விமானிகள் சங்கம், ஏர் இந்தியா பக்கம் ஐபிஜி என்ற சங்கம். சங்கம் இரண்டு, ஊதிய முறை இரண்டு, பட்டியலும் இரண்டு. சேர்க்க வேண்டிய நாளில் யாரும் சேர்க்கவில்லை.

2011 ஏப்ரல் கடைசியில் ஐசிபிஏ சம ஊதியம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கியது. சுமார் பத்து நாள். அங்கீகாரத்தை ரத்து செய்தார்கள், வேலைநீக்கம் செய்தார்கள், பிறகு பேசித் தீர்த்தார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் ஐபிஜியின் முறை. புதிதாக வரவிருந்த போயிங் 787 விமானத்துக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் பக்கத்து விமானிகளுக்கும் பயிற்சி கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. உடல்நலக் குறைவு என்று விடுப்பு போட்டுத் தொடங்கியது 58 நாள் நீண்டது. நூற்றுக்கும் மேற்பட்ட விமானிகள் வேலையை இழந்தார்கள். இந்தச் சங்கத்தின் அங்கீகாரமும் போனது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் வேலைக்குத் திரும்புவதாக உறுதி கொடுத்த பிறகுதான் முடிந்தது.

787 வந்தது அந்தச் செப்டம்பரில். விமானமே வராத நிலையில், அதன் இருக்கையில் யார் அமர்வது என்று 58 நாள்!

ஐபிஜி விமானிகளைப் பேராசைக்காரர்கள் என்று பத்திரிகைகள் எழுதின. நான் அப்படிச் சொல்லமாட்டேன். பல ஆண்டு துணை விமானியாக வலப்பக்கம் உட்கார்ந்து காத்திருந்தவர்கள் அவர்கள். 787 தங்களுக்காக ஆர்டர் செய்த விமானம் என்று நம்பினார்கள். அந்தப் பக்கத்துக்காரர்களோ, "நிறுவனம் ஒன்றுதானே, எங்களுக்கு ஏன் இல்லை?" என்று கேட்டார்கள். இரண்டும் நியாயம். இதைத் தீர்க்க நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் குழு அமைத்தது 2011இல். அறிக்கை வந்தது 2012 ஜனவரியில். பந்தியில் இலை போட்டுச் சோறும் வைத்த பிறகு, யார் எங்கே உட்காருவது என்று முடிவு செய்ய ஆள் தேடிய கதை.

2011இல் ஒருவர் தனியாக நின்றார், 2012இல் மற்றவர் தனியாக நின்றார். இருவரும் சேர்ந்து நின்ற ஒரு நாள்கூட அந்த ஐந்து ஆண்டுகளில் இல்லை. என் மனதை இன்னும் அறுப்பது அதுதான்.

முதல்_ஏற்றம் | புதன், காலை 7.05

தென்காற்று அண்ணா, நான் நீங்கள் சொல்லும் "துணை நிறுவன"த்தில் துணை விமானி. உங்கள் மீது மரியாதை உண்டு. ஆனால் உங்கள் கோரிக்கையைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. அதை மறைக்க விரும்பவில்லை.

என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம் இரண்டு ஏக்கரை விற்று என்னைப் பறக்க அனுப்பினார். 200 மணி நேரம் முடித்து உரிமம் வாங்கிய பிறகு மூன்று ஆண்டு வேலை இல்லை. உங்கள் நிறுவனத்துக்கு இரண்டு முறை விண்ணப்பித்தேன், எடுக்கவில்லை. இங்கே எடுத்தார்கள், குறைந்த சம்பளத்தில். ஒரே நாளில் நான்கு முறை ஏறி இறங்கி, விடிய விடியப் பறந்து, இப்போது கேப்டன் பயிற்சி வரிசையில் 31ஆவது இடத்தில் இருக்கிறேன். இன்னும் ஒன்றேகால் ஆண்டு.

ஒரே பட்டியல் வந்தால், சேர்ந்த தேதிப்படி உங்கள் நிறுவனத்துத் துணை விமானிகள் முந்நூறு பேர் எனக்கு மேலே வந்து உட்காருவார்கள். என் ஒன்றேகால் ஆண்டு எட்டு ஆண்டாகும். பட்டா என்று எழுதினீர்கள். என் அப்பாவின் பட்டாவை விற்றுத்தான் நான் இந்த எண்ணை வாங்கினேன்.

ஒற்றுமை என்கிறீர்கள். உங்கள் வழித்தடம் போன பிறகு எங்கள் நினைவு வந்திருக்கிறது. எங்களுக்கு அந்தச் சம்பளத்தை நிர்ணயித்தபோது உங்கள் சங்கம் ஒரு கடிதமாவது எழுதியதா?

கணக்குப்பிள்ளை | புதன், காலை 10.30

விமான நிறுவனத் திட்டமிடல் பிரிவில் பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்தவன். இதில் சதி எதுவும் இல்லை என்று சொல்லவே வந்தேன். திருச்சியிலிருந்தோ கோழிக்கோட்டிலிருந்தோ வளைகுடாவுக்குப் போகும் விமானத்தில் பயணி பார்ப்பது டிக்கெட் விலையை மட்டும்தான். வணிக வகுப்பு விற்காது. அந்தத் தடத்தில் முழுச் சேவை விமானத்தை வைத்தால் ஒவ்வோர் இருக்கையிலும் நட்டம். ஏர் இந்தியா 2005இல் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸைத் தொடங்கியதே இதற்காகத்தான். அதன் முதல் விமானம் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குப் போனது. இருக்கைகளை நெருக்கிப் போட்டு, தரையில் நிற்கும் நேரத்தைக் குறைத்து, ஒரே ரக விமானத்தை ஓட்டினால்தான் அந்தக் கணக்கு நிற்கும். விமானியின் ஊதியமும் அந்தக் கணக்கில் ஒரு வரி.

ஒரே பட்டியல் என்றால் நாளடைவில் ஒரே ஊதியம். பிறகு துணை நிறுவனம் எதற்கு? மூடிவிடுவார்கள், தடம் போட்டி நிறுவனத்துக்குப் போகும். பிடிக்காதவர்கள் வேறு நிறுவனத்துக்குப் போகலாமே. இந்தியாவில் இப்போது விமானிகளுக்குத் தேவை இருக்கிறது.

தென்காற்று | புதன், இரவு 8.50

முதலில் தம்பி முதல்_ஏற்றத்துக்கு. நீங்கள் கேட்டது உண்மை. எங்கள் சங்கம் கடிதம் எழுதவில்லை. அந்த ஆண்டு செயற்குழுவில் நானும் இருந்தேன். "அவர்கள் வேறு நிறுவனம், நமக்கென்ன" என்று ஒருவர் சொன்னார், யாரும் மறுக்கவில்லை, நானும் மறுக்கவில்லை. அந்த மௌனத்தின் விலையைத்தான் இப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மன்னிக்க வேண்டும்.

ஆனால் ஒரே பட்டியல் என்றால் சேர்ந்த தேதி மட்டும்தான் அளவுகோல் என்று நினைக்க வேண்டாம். ஒருவர் தன் நிறுவனத்தில் இருநூறு பேரில் இருபதாவது ஆள் என்றால், இன்னொரு நிறுவனத்தின் ஆயிரம் பேரில் நூறாவது ஆளுக்குப் பக்கத்தில் வைப்பது விகித முறை. அதோடு வேலி போடலாம். இணைப்பு நாளில் உங்கள் நிறுவனத்தில் கேப்டன் வரிசையில் இருக்கும் ஒருவரையும், ஒரு குறிப்பிட்ட காலம் வரை, எங்கள் பக்கத்து ஆள் யாரும் தாண்டக் கூடாது. அதேபோல் எங்கள் பெரிய ரக விமான வரிசைக்கும் வேலி. உங்கள் 31 அந்த வேலிக்குள் 31ஆகவே இருக்கும். வேலி விழும் நாளில் நீங்கள் கேப்டன். உங்கள் முன்னால் பெரிய ரகமும் திறந்திருக்கும். இன்றைக்கு அந்தக் கதவு உங்களுக்கு இல்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை ஐயா, இருக்கையை நெருக்குவதும் தரையில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதும் விமானியின் எண்ணைப் பறிக்காமலே செய்யக்கூடியவை. பிரான்சில் ஏர் பிரான்ஸ் விமானிகள் 2014 செப்டம்பரில் 14 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டிரான்சேவியா என்ற குறைந்த கட்டணத் துணை நிறுவனத்தை வெளிநாடுகளில் தளம் வைத்துப் பெருக்கப் போவதை எதிர்த்து. கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால் டிரான்சேவியா ஐரோப்பா திட்டம் கைவிடப்பட்டது. ஏர் பிரான்ஸ் விமானிகள் தங்கள் மூப்பை இழக்காமல் பிரான்சிலுள்ள டிரான்சேவியாவில் பறக்க வழி பிறந்தது. அந்த நிறுவனம் மூடப்படவில்லை. அதன் பிறகு பல மடங்கு வளர்ந்திருக்கிறது.

"வேறு நிறுவனத்துக்குப் போகலாமே" என்றீர்கள். கேப்டன் என்றால் 12 மாதம், துணை விமானி என்றால் 6 மாதம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று 2017இல் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி வந்தது. அதையும் முடித்துப் போனால் அங்கே என் எண் கடைசி. விமானம் ஒரே இரவில் நிறுவனம் மாறலாம், ஓட்டுபவனுக்கு ஓராண்டு!

பனிமேகம் | வியாழன், அதிகாலை 3.20

அமெரிக்காவில் ஒரு பிராந்திய நிறுவனத்தில் பறக்கிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி. இங்கே இந்தப் பிரச்சினைக்கு வயது அதிகம், காயங்களும் அதிகம்.

டெல்டா நிறுவனம் 2000இல் கோமேர் என்ற சின்சினாட்டி பிராந்திய நிறுவனத்தை முழுவதுமாக வாங்கியது. எங்களையும் டெல்டா பட்டியலில் சேருங்கள் என்று கோமேர் விமானிகள் கேட்டார்கள். இரு பக்கத்துக்கும் ஒரே சங்கம்தான், ஆல்பா என்ற விமானிகள் சங்கம். அந்தச் சங்கமே ஒப்பவில்லை. 2001இல் கோமேர் விமானிகள் 89 நாள் வேலைநிறுத்தம் செய்து நல்ல ஒப்பந்தம் பெற்றார்கள். பிறகு அந்த நல்ல ஒப்பந்தமே அவர்களுக்குச் சுமையானது. விமானங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மலிவான வேறு பிராந்திய நிறுவனங்களுக்குப் போயின. 2012 செப்டம்பரில் கோமேர் மூடப்பட்டது. இன்றும் நாங்கள் ஒப்பந்தம் பேச உட்காரும்போதெல்லாம், "அந்த நிறுவனத்துக்காரர்கள் இதைவிடக் குறைவாகப் பறக்கிறார்கள்" என்ற வாக்கியம் மேசையில் வந்து விழும். அந்த நிறுவனத்திலும் எங்களைக் காட்டி அதையே சொல்வார்கள்.

ஆனால் தென்காற்று அண்ணன் சொல்லும் பட்டியல் இணைப்பில் இருக்கும் ஆபத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்கா வெஸ்டும் யுஎஸ் ஏர்வேஸும் 2005இல் இணைந்தன. பட்டியலைச் சேர்க்க ஜார்ஜ் நிகோலாவ் என்ற நடுவரிடம் போனார்கள். அவர் தீர்ப்பு 2007 மே மாதம் வந்தது. வேலையில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருந்த யுஎஸ் ஏர்வேஸ் விமானிகளை அவர் கீழே வைத்தார். எத்தனை ஆண்டு முன்பு சேர்ந்திருந்தாலும், இணைப்பு நாளில் அவர்களுக்கு இருக்கை இல்லை என்பது அவர் கணக்கு. கிழக்குப் பக்கம் என்று அழைக்கப்பட்ட யுஎஸ் ஏர்வேஸ் விமானிகள் கொதித்தார்கள். எண்ணிக்கையில் அவர்களே அதிகம் என்பதால் 2008இல் பழைய சங்கத்தையே வெளியேற்றிவிட்டுப் புதிய சங்கம் அமைத்தார்கள், தீர்ப்பை நடைமுறைப்படுத்த விடாமல். மேற்குப் பக்கமான அமெரிக்கா வெஸ்ட் விமானிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரே சீருடை அணிந்த இரண்டு கூட்டம், விமான நிலையக் காத்திருப்பு அறையில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் ஆண்டுக்கணக்கில் நடந்தது. அத்தனை ஆண்டும் இரு பக்கமும் பழைய ஊதியத்திலேயே பறந்தார்கள். 2013இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணைந்த பிறகுதான் கதை நகர்ந்தது.

இதற்கு முன் 2001இல் அமெரிக்கன் நிறுவனம் டிடபிள்யூஏ என்ற இன்னொரு விமான நிறுவனத்தை வாங்கியபோது அந்த விமானிகளில் பாதிக்கும் மேற்பட்டோரைப் பட்டியலின் அடியில் ஒட்டினார்கள். அந்த வேதனையிலிருந்து 2007இல் ஒரு சட்டம் பிறந்தது, மெக்காஸ்கில்-பாண்ட் திருத்தம். இணைப்பு நடந்தால் பட்டியல் நியாயமாக இணைக்கப்பட வேண்டும், ஒப்புதல் வராவிட்டால் நடுவர் தீர்ப்பு என்கிறது அது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் உங்கள் கையில் இல்லை. உங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்தான் எல்லாம்.

மாலை_விளக்கு | வியாழன், காலை 9.10

விமானிகள் மட்டும் பேசுகிறீர்கள். நான் கேபின் ஊழியர். விமானம் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எங்கள் பணியிடமும் போகிறது. 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் கேபின் ஊழியர்கள் கூட்டாக உடல்நலக் குறைவு விடுப்பு எடுத்தபோது 25 பேரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஏர் ஏஷியா இந்தியாவோடு இணைப்பு நடந்துகொண்டிருந்த காலம் அது. டெல்லியில் தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேசிய பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு நாள் விமானிகள் சங்கங்கள் எங்கே இருந்தன? உங்கள் கோரிக்கையில் எங்களுக்கும் ஒரு வரி வையுங்கள்.

கோவை_சிங்கை | வியாழன், காலை 11.45

நான் வெறும் பயணி. சிங்கப்பூரிலிருந்து கோயம்புத்தூர் போக சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தின் சில்க்ஏர் இருந்தது. 2019இல் அந்தத் தடம் அதே குழுமத்தின் குறைந்த கட்டண நிறுவனமான ஸ்கூட்டுக்கு மாறியது. எனக்கு அப்போது சாப்பாடு போய்விட்டது, பை எடை போய்விட்டது என்பதுதான் கவலை. முன்னால் கதவுக்குப் பின்னே இருப்பவர்களுக்கு என்ன ஆனது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இந்த இழையை முழுவதும் படித்தேன்.

நெடுவானம் | வியாழன், மதியம் 1.30

பனிமேகம் சொன்ன மேற்கு, கிழக்குக் கதையை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். நடுவர் கையில் கொடுத்துவிட்டுத் தீர்ப்பு வந்த பிறகு ஏற்க மறுப்பது மிகப் பெரிய பிழை.

இன்னொன்று. டாடா குழுமம் 2022 ஜனவரியில் ஏர் இந்தியாவை எடுத்த பிறகு நான்கு நிறுவனங்கள் இரண்டாயின. 2024 அக்டோபரில், முன்பு ஏர் ஏஷியா இந்தியா என்றிருந்த ஏஐஎக்ஸ் கனெக்ட், எக்ஸ்பிரஸோடு இணைந்தது. நவம்பரில் விஸ்தாரா, ஏர் இந்தியாவோடு. அதற்கு முன் 2024 ஏப்ரலில் விஸ்தாராவில் என்ன நடந்தது? உறுதி செய்யப்பட்ட பறப்பு நேரம் 70 மணியிலிருந்து 40 மணிக்கு இறங்கியது. அந்த நேரத்துக்கான ஊதியம்தான் ஒரு விமானி நம்பி வீட்டுக்கடன் வாங்கும் ஊதியம். விமானிகள் பலர் பணிக்கு வரவில்லை, நாளொன்றுக்கு 25 முதல் 30 விமானங்களை நிறுவனம் குறைத்தது. ஏர் இந்தியா விமானிகள் அதே 40 மணி ஒப்பந்தத்தை 2023இல் எதிர்த்திருந்தார்கள். அப்போது ஐசிபிஏவும் ஐபிஜியும் சேர்ந்து ஒரே குரலில் பேசின. 2012இல் எதிரெதிரே நின்ற அதே இரண்டு சங்கங்கள்! அந்தக் கூட்டுக் கடிதச் செய்தியைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. பத்து ஆண்டு தாமதம்தான், ஆனாலும் நடந்தது. ஆகவே முடியாது என்று சொல்லாதீர்கள்.

கணக்குப்பிள்ளை | வியாழன், மாலை 6.00

டிரான்சேவியா விஷயத்தில் என் வாதம் பலவீனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஊதியம் வேறு, எண் வேறு என்று நீங்கள் பிரித்துக் கேட்டால் எந்தத் திட்டமிடல் பிரிவும் அதைக் கணக்கில் அடைக்க முடியும். துணை நிறுவனத்தில் அந்த நிறுவனத்து ஊதியம், ஆனால் குழும எண் அப்படியே. அப்படிக் கேளுங்கள். "எல்லாம் சமம்" என்று தொடங்கினால் முதல் கூட்டத்திலேயே கதவை மூடுவார்கள்.

முதல்_ஏற்றம் | வியாழன், இரவு 10.20

அண்ணா, இன்று விடியற்காலை 5.50 நான்தான் வலப்பக்கம் இருந்தேன். பதிவு எழுத்துகளைச் சொல்லவில்லை நீங்கள், ஆனால் தடமும் நேரமும் தெரிந்துவிட்டது. கேப்டன் இறங்கிய பிறகு இடப்பக்கம் எட்டிப் பார்த்தேன். கீறல் இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டீர்கள். சீனியர் ஒருவர் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் ஒன்பது பேரிடம் பேசினேன். ஆறு பேர் வேலி எழுத்தில் இருந்தால் வருகிறோம் என்கிறார்கள், இரண்டு பேர் முடியவே முடியாது என்கிறார்கள், ஒருவர் பயப்படுகிறார். நான் அந்த ஆறில் ஒருவன். எனக்கு மூன்று விஷயம் வேண்டும். வேலி எத்தனை ஆண்டு என்று முதல் வரியில் எண்ணாக இருக்க வேண்டும். எங்கள் நிறுவனத்துக்காரர் ஒருவரும் உங்கள் பக்கத்துக்காரர் ஒருவரும் கையெழுத்திடாமல் எந்த மாற்றமும் செல்லாது. ஒரு பக்கம் வேலைநிறுத்தம் என்றால் மற்ற பக்கம் அந்தத் தடத்தைப் பறக்காது. இதில் விதிவிலக்கே கூடாது.

தென்காற்று | வியாழன், இரவு 11.05

மூன்றையும் அப்படியே ஏற்கிறேன். மாலை_விளக்கின் வரி நான்காவது. எங்கள் பக்கத்திலும் எதிர்ப்பு இருக்கிறது. பெரிய ரக வரிசையில் முன்னால் நிற்கும் இருவர் இன்று என்னோடு பேசவில்லை. அவர்களிடம் நானே போகிறேன்.

ஞாயிறு மாலை நான்கு மணி, மீனம்பாக்கத்தில் என் வீடு. நெடுவானம் ஐயா நடுவில் உட்கார வேண்டும், இரண்டு பக்கத்துக்கும் பொதுவானவர் அவர் ஒருவர்தான். தம்பி, உங்கள் நிறுவனத்தில் கேப்டன் வரிசையில் இருப்பவர்களின் சேர்ந்த தேதியும் வரிசை எண்ணும் எழுதிக் கொண்டுவாருங்கள், பெயர் வேண்டாம். எங்கள் பக்கத்துப் பட்டியலை நான் அச்சிட்டு வைக்கிறேன். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் ஐம்பது இடங்களை மட்டும் அன்றைக்குப் போட்டுப் பார்ப்போம்.